எட்டு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு படகும்

2011 மார்ச்சில், குடியாத்தம் பக்கத்து ஏரி ஒன்றில் எட்டு மூட்டைச் சுண்ணாம்பைக் கொட்டி, மாமாவும் நானும் அதிலிருந்த மீனையெல்லாம் கொன்றோம். மீனைக் காப்பாற்றத்தான் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலத்தில் கோடி போகிற ஏரிதான் அது. மார்ச்சில் மதகை ஒட்டி மூன்று ஏக்கர் அளவுக்குத் தண்ணீர் மிஞ்சியிருக்கும், இடுப்பளவு ஆழம். மாமா மீன் குத்தகை எடுத்திருந்தார். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு, சாணமும் கோழி எருவும் தாராளமாகப் போட்டிருந்தார். தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு வாரமாக விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. கரையில் நின்று பார்த்த பெரியவர் ஒருவர், "தண்ணி புளிச்சிப்போய்க் கீது, சுண்ணாம்பு அடிங்க" என்றார்.

அவர் சொன்னது ஊரறிந்த வைத்தியம். மீன் குளத்துக்குச் சுண்ணாம்பு போடுவது எல்லாரும் செய்வதுதான். ஹெக்டேருக்கு 200, 250 கிலோ என்று குஞ்சு விடுவதற்கு முன்பே போடச் சொல்வார்கள். ஆனால் தண்ணீர் உண்மையிலேயே புளித்திருக்கிறதா என்று எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

எனக்குக் காட்பாடியில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை. கேட், கிரில், மாவு மில்லுக்கு ஹாப்பர் (மேலே கொட்டினால் கீழ்வாய் வழியாக இறங்குகிற சரிவுத் தொட்டி), இந்த மாதிரி வேலைகள். அதனால் தெப்பம் கட்டுவது என் பொறுப்பாயிற்று. நான்கு நீல டிரம், சவுக்குக் கழி, மேலே இரண்டு பலகை. மாமா முன்னால் உட்கார்ந்து நீற்றிய சுண்ணாம்பை முறத்தில் அள்ளி விசிறினார். முதல் முறத்தையே காற்று திருப்பி எங்கள் முகத்தில் அடித்தது. மாமா கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையில் சாய்ந்துவிட்டார். ஏரித் தண்ணீரால் கழுவி, கரைக்கு வந்து குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. மீதி மூட்டைகளை நானும் இன்னொரு பையனும் சேர்ந்து கரையோரமாகவே அவிழ்த்துக் கொட்டினோம். அப்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

மறுநாள் காலையில் ஏரி வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு கரைந்த வெள்ளை இல்லை; மீனின் வயிறு.

*

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு படம். மூன்று வருடத்துக்கு முன்னால், ஹாப்பர் டிசைன் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. அகலமான, தட்டையான ஒரு படகு. நடுவில் பெரிய தொட்டி. இரண்டு பக்கமும் குழாய்களிலிருந்து வெள்ளையாக ஏதோ பீய்ச்சிக்கொண்டு போகிறது. சுற்றிலும் ஊசியிலைக் காடு. கீழே 'சுண்ணாம்புப் படகு' என்ற பொருளில் ஒரு வரி. சுவீடன்.

சுண்ணாம்பு போடுவதற்கென்றே ஒரு படகு! நாலு டிரம்மைக் கட்டிக்கொண்டு போனவனுக்கு அதைப் பார்த்ததும் முதலில் வெட்கம்தான் வந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அதைப் பற்றியே படித்தேன்.

அங்கே ஏரி நிஜமாகவே புளித்திருந்தது. பிரிட்டனிலும் ஐரோப்பாவின் மற்ற பகுதிகளிலும் நிலக்கரி எரித்த புகையிலிருந்த கந்தகம் காற்றோடு வடக்கே போய், மழையோடு அமிலமாக இறங்கியது. அமில மழை என்ற பெயர் பழையது. மான்செஸ்டர் பக்கத்து மழையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் 1872-லேயே அந்தச் சொல்லைப் புத்தகத்தில் எழுதிவிட்டார். ஆனால் ஒரு நாட்டுப் புகை இன்னொரு நாட்டு ஏரியைக் கெடுக்கிறது என்பதை 1967-இல் சுவீடன் நாளிதழ் ஒன்றில் எழுதி ஊரைக் கூட்டியவர் ஸ்வாந்தே ஓடேன் என்ற மண் விஞ்ஞானி. புளிப்பையும் காரத்தையும் அளக்கிற எண் பி.ஹெச்.; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு, மேலே ஏற ஏறக் காரம். சாதாரண மழையின் பி.ஹெச். 5.6 வாக்கில் இருக்கும். ஏரித் தண்ணீர் 5-க்குக் கீழே போனால் மீன் முட்டை பொரிப்பதே சந்தேகம். அமிலம் நேராகக் கொல்வதை விட, மண்ணில் சும்மா கிடந்த அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவந்து மீனின் செவுளில் படியவைத்துக் கொல்வதுதான் அதிகம். மேலே பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்குமாம். அதில் உயிர் குறைந்துபோனதால் வந்த தெளிவு அது.

சுவீடன் அரசு 1970களின் நடுவில் ஏரிகளுக்குச் சுண்ணாம்பு போடப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு அது ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குப் பரவியது. உச்சத்தில் வருடத்துக்கு 2 லட்சம் டன் அளவுக்குப் போட்டார்கள். நம் ஊர் லாரிக் கணக்கில், பத்து டன் வண்டியில் இருபதாயிரம் நடை.

ஆரம்பத்தில் அவர்களும் சின்னப் படகில் மூட்டையை வைத்துக் கையால்தான் கொட்டினார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேலேயே பரப்பிவிட்டு வருவதும் உண்டு. வெயில் வந்து உருகும்போது தானாக உள்ளே விழும். இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் கொட்டியது வேறு பொருள்.

*

நாங்கள் கொட்டியது காளவாயில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. அவர்கள் போட்டது சுடாத சுண்ணாம்புக் கல்லை மாவாக அரைத்தது. இரண்டும் வெள்ளைதான். வித்தியாசம் தெரியாமல்தான் நான் முப்பத்தைந்து வயது வரை வெற்றிலைக்கும் வெள்ளையடிப்புக்கும் நடுவே வாழ்ந்திருக்கிறேன்.

நீற்றிய சுண்ணாம்பு கடுங்காரம். தண்ணீரின் பி.ஹெச்.-ஐ அது 11, 12 வரைகூட ஏற்றிவிடும். கல் மாவு அப்படி இல்லை. அமிலம் இருக்கும்வரை கரைந்து அதை முறிக்கும். காற்றோடு சமநிலைக்கு வந்த தண்ணீரில் பி.ஹெச். 8.3 பக்கத்தில் அதுவே நின்றுகொள்ளும். கூடுதலாகப் போட்டாலும் கீழே போய்ப் படியுமே தவிர ஏரியைச் சுடாது. சமையலில் புதிதாய் இறங்கியவனிடம் கொடுக்கத் தகுந்த சாமான் அதுதான்.

எங்கள் ஏரியில் நடந்ததை மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். சாணமும் கோழி எருவும் அழுகினால் அம்மோனியம் வரும். அந்த வடிவத்தில் அது மீனுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. காரம் ஏறினால் அதுவே அம்மோனியா வாயுவாக மாறும், அது நஞ்சு. 30 டிகிரி வெப்பத் தண்ணீரில், பி.ஹெச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சாக இருக்காது. 9 ஆனால் கிட்டத்தட்டப் பாதி நஞ்சு. பச்சைத் தண்ணீரில் பாசி வெயிலைக் குடித்துக் குடித்து மத்தியானம் தாண்டும்போது பி.ஹெச். தானாகவே 9-ஐ ஒட்டி நிற்கும். அந்த நேரம் பார்த்து நாங்கள் எட்டு மூட்டையை அவிழ்த்தோம்.

விடியற்காலையில் மீன் வாய் பிளந்ததற்குப் புளிப்பு காரணமே இல்லை. ராத்திரி பாசி ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் மூச்சுக்குத் தவித்திருக்கின்றன. மதகைத் திறந்து பாதித் தண்ணீரை மாற்றியிருந்தாலோ, ஒரு வாரம் எருவை நிறுத்தியிருந்தாலோ பிழைத்திருக்கும். பி.ஹெச். பேப்பர் ஒரு துண்டு போதும், இதெல்லாம் தெரிந்திருக்கும்.

நம் பக்கத்து ஏரி புளிப்பது அபூர்வம் என்பதும் பிறகு படித்ததுதான். சுவீடனின் பெரும்பகுதி கருங்கல் பாறை. அமிலத்தைத் தாங்கிக்கொள்ள மண்ணில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. வேலூரைச் சுற்றியும் பாறை மலைதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் இங்கே வெயில் காய்கிறது, தண்ணீர் ஆவியாகிறது, மண்ணுக்குள் சுண்ணாம்புச் சத்து இறுகிச் சுக்கான் கல்லாகக் கட்டிக்கொள்கிறது. கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும், கடப்பாரை 'ணங்' என்று திரும்பும். புழுதிகூட இங்கே மழையின் புளிப்பைக் கொஞ்சம் முறித்துவிடுகிறது. எங்கள் வீட்டு வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகத் தட்டிப்போன ஏடு அத்தனையும் சுண்ணாம்பு. அப்படிப்பட்ட ஊர்த் தண்ணீரில்தான் மேலும் எட்டு மூட்டை போட்டோம்.

*

சரி, படகுக்கு வருகிறேன். என் தொழில் புத்திக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

பொடியைத் தண்ணீரில் போடுவதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். வீட்டில் ஒரு பரிசோதனை செய்து பார்த்தேன். லாங் பஜாரில் இரண்டு கடையில் இரண்டு விதக் கோலமாவு வாங்கி, ஒவ்வொன்றிலும் எலுமிச்சைச் சாறு விட்டேன். ஒன்று நுரைத்தது, மற்றது சும்மா கிடந்தது. நுரைத்ததில் சுண்ணாம்புக் கல் மாவு இருக்கிறது. மற்றது வெறும் வெள்ளைக் கல். நுரைத்ததை எடுத்து உயரமான பாட்டிலில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி மேலே தூவினேன். பாதி மாவு உள்ளே இறங்கவே இல்லை, ஆடை மாதிரி மிதந்தது. என் மனைவி பார்த்துவிட்டு, "தண்ணிக் கோலம் போடறவங்களுக்கு இது தெரியாதா?" என்றாள். உண்மைதான். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி, கரித்தூளைத் தூவி, அதன்மேல் கோலம் போடுவார்களே, அந்தக் கோலம் நிற்பதே நுண்பொடி நனையாமல் மிதக்கும் குணத்தால்தான்.

ஆக முதல் பிரச்சினை, பொடியை நனைக்க வேண்டும். மிக நைசாக அரைத்தால் காற்றில் பறக்கும், தண்ணீரில் மிதக்கும். கொரகொரப்பாக விட்டால் வேறு தொல்லை, கரைவதற்கு முன்னால் அடிக்குப் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து மீட்டர் ஆழ ஏரியில், பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமன் உள்ள துகள் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடும். அதையே பத்து மடங்கு நைசாக்கினால் நூறு மடங்கு மெதுவாக இறங்கும். முப்பது மணி நேரத்துக்கு மேல் தண்ணீரிலேயே தொங்கிக்கொண்டு கரையும். அடிக்குப் போன பெரிய துகளைச் சேறு மூடும், மேலே இரும்பும் அலுமினியமும் படிந்து தோல் போர்த்திக்கொள்ளும். அப்புறம் அது உள்ளே இருக்கிற சுண்ணாம்பு, வெளியே இருக்கிற ஏரி.

படகுக்காரர்கள் கண்ட வழி, பொடியைப் பொடியாகவே போடாமல் இருப்பது. ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்து இழுத்து, தொட்டியிலிருந்து வரும் மாவோடு கலந்து, மோர் பதத்தில் கூழாக்கி இரண்டு பக்கமும் பீய்ச்சுகிறார்கள். சிலவற்றில் பின்னால் புரொப்பெல்லர் கலக்குகிற இடத்தில் விடுகிறார்கள். கலக்கும் வேலையை மோட்டாரே செய்துவிடும். தூசி இல்லை, மிதப்பது இல்லை, கட்டி தட்டுவது இல்லை. கரையில் டேங்கர் லாரி நிற்கும். சிமெண்ட் பிளாண்டில் செய்கிற மாதிரி காற்றழுத்தத்தில் தடித்த ஹோஸ் வழியாக மாவைப் படகின் தொட்டிக்கு ஊதிவிடுவார்கள். மூட்டையைத் தூக்குகிற வேலையே கிடையாது.

தொட்டி ஏன் நடுவில் என்பதும் எனக்கு உடனே விளங்கியது. ஏறும்போது டன் கணக்கில் பாரம், திரும்பும்போது காலி. பாரம் முன்னாலோ பின்னாலோ இருந்தால் காலியாகக் காலியாகப் படகு குடைசாயப் பார்க்கும். எங்கள் தெப்பத்தில் மூட்டை எல்லாம் பின்னால், மாமா முன்னால். அவர் கண்ணைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது நாங்கள் கவிழாதது அந்த ஏரியம்மன் புண்ணியம். இன்னொன்று, ஹாப்பர் செய்கிறவர்கள் எல்லாரும் பயப்படுகிற விஷயம்: மாவு பாலம் கட்டும். கீழே வாய் திறந்திருக்கும், மேலே தொட்டி நிறைய மாவு இருக்கும், நடுவில் வளைவாக இறுகி ஒரு சொட்டு இறங்காது. ஈரக்காற்று பட்டால் இன்னும் மோசம். மாவு மில்லில் என்றால் ரப்பர் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டலாம். ஏரி நடுவில் அதையெல்லாம் செய்துகொண்டிருக்க முடியாது. அந்தத் தொட்டியின் சரிவு எத்தனை டிகிரி என்று படத்தில் புரொட்ராக்டர் வைத்துப் பார்த்தேன். படம் கோணலாக எடுக்கப்பட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

ரோடு போகாத ஏரிகளுக்கு ஹெலிகாப்டர். ஓடைகளுக்குக் கரையில் ஒரு சைலோ, அதாவது மாவைச் சேர்த்துவைக்கிற உயரமான தொட்டி; அது நீரோட்டத்தைப் பார்த்துப் பார்த்து மாவு விடும். ஆனால் எனக்கு என்னவோ படகுதான் பிடித்திருக்கிறது.

*

இவற்றிலெல்லாம் எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது இத்தாலியில் ஓர்த்தா என்ற ஏரி. அதற்கு மழை காரணம் இல்லை. 1926-இல் அதன் கரையில் செயற்கைப் பட்டு ஆலை ஒன்று வந்தது. செம்பும் அம்மோனியம் சல்பேட்டும் கலந்த கழிவு ஏரிக்குள் போனது. நாலே வருடத்தில், 1930-இல், ரீனா மோந்தி என்ற ஆராய்ச்சியாளர் ஏரியில் உயிர் படிப்படியாக அணைந்துகொண்டிருப்பதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். ஒருவரும் ஆலையை நிறுத்தவில்லை. அம்மோனியத்தை பாக்டீரியா தின்று அமிலமாக மாற்ற, பி.ஹெச். 4 வரை இறங்கியது. 18 சதுர கிலோமீட்டர், 143 மீட்டர் ஆழம், அத்தனையும் புளிப்பு.

அம்மோனியம் சல்பேட் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பெரியப்பா மேல்விஷாரத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு முடியை எடுத்த பிறகு, அந்தச் சுண்ணாம்பைத் தோலிலிருந்து இறக்கப் போடுகிற மருந்து அதுவேதான். அவர் கை விரல் இடுக்கெல்லாம் வெந்து வெடித்திருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து அவர் வெற்றிலை அதிகம் போடுவதால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓர்த்தாவில் 1989, 90-இல் படகிலிருந்து 10,000 டன்னுக்கு மேல் சுண்ணாம்புக் கல் மாவு போட்டார்கள். கேட்க மலைப்பாக இருக்கும். ஏரியின் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள்: ஆயிரம் லிட்டருக்கு எட்டு கிராம் வாக்கில்தான் வரும். ஒரு சின்டெக்ஸ் டேங்குக்கு இரண்டு டீஸ்பூன். அமிலம் முறிந்தது, செம்பு அடியில் படிந்தது, பாசியும் பூச்சியும் மீனும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. அதைவிட முக்கியமானது, சுண்ணாம்பு போடுவதற்குப் பல வருடம் முன்பே ஆலைக் கழிவைக் குறைக்கவைத்துவிட்டார்கள். கழிவு வந்துகொண்டே இருந்திருந்தால் பத்தாயிரம் டன்னும் ஏரியில் கரைத்த பெருங்காயம்.

சுவீடனின் கதையும் அதுதான். ஏரித் தண்ணீர் சில வருடத்தில் மாறிவிடும். புது மழை, புதுப் புளிப்பு. அதனால் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிற கடன் மாதிரி. அசலில் கை வைத்தது 1979-இல் ஜெனீவாவில் போட்ட காற்று மாசு ஒப்பந்தமும், 1985-இல் கந்தகப் புகையை 30 சதவீதம் குறைக்க ஹெல்சிங்கியில் போட்ட ஒப்பந்தமும். கந்தகம் குறைந்த பிறகுதான் சுண்ணாம்பின் அளவும் குறைந்தது.

போன வருடம் எங்கள் பகுதியில் ஏரி சீரமைப்புக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒருவர் கோட்டெல்லாம் போட்டு வந்து, அவருடைய பவுடரைப் படகில் போய்த் தூவினால் தொண்ணூறு நாளில் தண்ணீர் தெளியும் என்றார். தெளியலாம். படிகாரம் போட்டால் குடத்துத் தண்ணீர் தெளியாதா? அமெரிக்காவில் 1970 முதலே ஏரிகளில் படிகாரம் போடுகிறார்கள். ஆனால் அவரிடம் நான் கேட்டது, எங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா என்பதுதான். பார்க்கவில்லை. எங்கள் ஏரிக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்ன பெரியவராவது காசு கேட்கவில்லை.

பாலாற்றுப் பக்கத்துப் பெரிய வியாதி உப்பு. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடுகிற உப்பு, கழுவுகிற தண்ணீரோடு மண்ணில் இறங்கியது. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியோ முழுதோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக ஒரு கணக்கெடுப்பை எடுத்துச் சொல்கிறது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நின்றதற்கு நம் ஊர்ப் பெயர் தாங்கிய அந்தத் தீர்ப்பு முக்கியமான காரணம். புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு இருக்கிறது. கரைந்த உப்பை முறிக்க எந்தப் பொடியும் கிடையாது. எவ்வளவு நல்ல படகு செய்து கொடுத்தாலும் அதில் ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. இதைக் கூட்டத்தில் சொன்னேன். டீயும் சமோசாவும் வந்துவிட்டன.

*

மாமாவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. குத்தகையெல்லாம் விட்டுவிட்டார். 2021 நவம்பர் மழையில் அந்த ஏரி கோடி போனபோது நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். கலங்கலில் பையன்கள் துணி விரித்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது போனில் அந்தப் படகுப் படத்தைக் காட்டினேன். கூழாக்குவது, குழாய், நடுத்தொட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். நீற்றியதற்கும் கல் மாவுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போனை வாங்கி வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, படகு ஓட்டுகிறவனிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கண்ணாடி போட்டுக்கினு கீறான் பாரு மாப்ள" என்றார்.